‘யார் வந்து கேட்டா பிள்ளையை அனுப்புவீங்க?’ - கடற்கரை ரிசார்ட்டில் கைகொடுத்த மாமியாரின் மூன்று கேள்விகள்

“கிட்ஸ் கிளப் எல்லாம் வேணாம். கடலுக்குப் போகணும்னா காலைல போயிட்டு சாயங்காலம் வந்துடலாம். தங்குற வேலையே வேண்டாம்.”

அம்பத்தூரில் இருக்கும் அந்த வீட்டில், காலாண்டு விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு ஆரம்பித்த உடனேயே அவள் சொன்ன பதில் இது. சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். எட்டு வயது மகளின் முகம் வாடியது. நாலரை வயது மகன் ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்த்தான். அப்பா டி.வி-யைப் பார்த்தார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் மே மாதம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட். விளம்பரத்தில், ‘காலை 10 முதல் மாலை 6 வரை கிட்ஸ் கிளப், உங்கள் குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டு நீங்கள் ஓய்வெடுங்கள்’ என்று போட்டிருந்தார்கள். வங்கியில் வேலை, வீட்டில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகூட இட்லி மாவு, யூனிஃபார்ம் துவைப்பது என்று ஓடிக்கொண்டிருந்தவளுக்கு அந்த ‘ஓய்வெடுங்கள்’ என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

அப்போது மகனுக்கு மூன்று வயது. கிட்ஸ் கிளப் வாசலில் ஒரு நோட்டில் பெயரும் அறை எண்ணும் எழுதிக்கொண்டார்கள். உள்ளே இருபது குழந்தைகள் இருக்கும். பார்த்துக்கொள்ள ஓர் இளைஞன். சுவரில் பெரிய டி.வி, அதில் கார்ட்டூன். “ஒண்ணும் பயப்படாதீங்க மேடம், நாங்க பாத்துக்குறோம்” என்றான். அவள் அறைக்கு வந்து படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து யாரோ கதவைத் தட்டினார்கள். தோட்டக்காரர் ஒருவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “தம்பி அல்லிக்குளத்துக்கிட்ட உக்காந்து தண்ணியில கைய விட்டுக்கிட்டு இருந்துச்சும்மா. எந்த ரூம்னு தெரியல. ஒவ்வொரு கதவாத் தட்டிக்கிட்டு வரேன்.”

வேறொரு குடும்பம் தங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கிளம்பியபோது, திறந்த கதவு வழியாக அவர்களோடு இவனும் வெளியே நடந்திருக்கிறான். “அவங்க வீட்டுப் பையன்னு நெனச்சேன் மேடம்” என்றான் அந்த இளைஞன். பிள்ளை வெளியே போனது தோட்டக்காரர் வந்து சொல்லும்வரை அங்கே யாருக்கும் தெரியவில்லை. மேலாளர் மன்னிப்புக் கேட்டார். இரவு உணவுக்குப் பில் போடவில்லை.

ஊர் திரும்பும்போது காரில் யாரும் பேசவில்லை. அதன் பிறகு பல மாதங்கள், அவள் குளியலறைக்குப் போனால்கூட மகன் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுவான். ‘நான் ஒரு மணி நேரம் தூங்க ஆசைப்பட்டதாலதானே’ என்று அவளும் உள்ளே நின்று அழுவாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று இரவு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் வந்து நின்றார் மாமியார். பிள்ளைகளுக்கு அவர் அப்பாயி. முசிறிப் பக்கத்துக்காரர். பேரன் பிறந்த பிறகு சென்னைக்கு வந்து இவர்களோடு இருப்பவர். வழக்கமாக இந்தப் பேச்சில் தலையிடாதவர், அன்று கேட்டார்.

“ஏம்மா, ஒரு இடம் சரியில்லைன்னா எல்லா இடமும் அப்படியா?”

“அத்தை, உங்களுக்கே தெரியும். அன்னிக்கு அந்தத் தோட்டக்காரர் பார்க்கலைன்னா…”

“தெரியும். அதனாலதான் சொல்றேன். நீ பிள்ளைய விட்டது தப்பில்லை. கேக்காம விட்டோம் பாரு, அதான் தப்பு. நானும் உன்கூடத்தானே இருந்தேன், நானும் கேக்கலையே.”

பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். 1980-களின் கடைசி. காவிரிப் பாசன ஊர். நடவுக்குப் போனால்தான் கூலி. மூன்று வயது மகனை ஊர் பால்வாடியில் விட வேண்டிய கட்டாயம். அந்த மகன்தான் இப்போது டி.வி பார்த்துக்கொண்டிருக்கும் அவள் கணவர். பால்வாடிக்குப் பின்னாலேயே வாய்க்கால்.

“முத நாளு ஆயாகிட்ட மூணே கேள்விதான் கேட்டேன். வாய்க்கால் பக்கம் இருக்கிற கதவைச் சாத்தி வைப்பீங்களா? நீங்க சமைக்கப் போற நேரம் பிள்ளைங்களை யாரு பாத்துக்குவா? யாரு வந்து கேட்டா பிள்ளைய அனுப்புவீங்க? ‘நானோ எங்க அம்மாவோ வந்தாத்தான் அனுப்பணும், அவங்கப்பா தண்ணியப் போட்டுட்டு வந்து கேட்டாக்கூடக் குடுக்கக் கூடாது’ன்னு சொல்லிட்டுத்தான் வயலுக்குப் போனேன்.”

அவள் கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றாள். தண்ணீர், ஆள், அனுமதி. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் பால்வாடி வாசலில் கேட்ட அந்த மூன்றையும், வங்கியில் ஆயிரம் படிவங்களைச் சரிபார்க்கும் தான் ஒரு ரிசார்ட் வாசலில் கேட்கவில்லையே என்று தோன்றியது.

மறுநாளே போனை எடுத்தாள்.

கடற்கரை விடுதியில் குழந்தைகளுக்கென்று தனி இடம் ஒதுக்குவது புதிய விஷயம் அல்ல. 1950-ல் ஸ்பெயினின் மஜோர்கா தீவில் முதல் விடுமுறை கிராமத்தைத் தொடங்கிய பிரான்ஸின் ‘கிளப் மெட்’ போன்ற நிறுவனங்கள், 1960-களிலேயே பெற்றோர் கடலில் நீந்தும் நேரத்தில் பிள்ளைகளுக்குத் தனி நிகழ்ச்சிகள் நடத்த ஆரம்பித்துவிட்டன. அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவிய அந்தப் பழக்கம் இன்று மாமல்லபுரம், கோவா, கோவளம் வரை வந்துவிட்டது. ஆனால் ‘கிட்ஸ் கிளப்’ என்ற பெயர் ஒன்றுதானே தவிர, உள்ளே இருப்பது இடத்துக்கு இடம் மாறும் என்பது நான்கைந்து போன்கால்களிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

சில இடங்களில் கிட்ஸ் கிளப் என்றால் பொம்மைகளும் சறுக்குமரமும் இருக்கும் ஓர் அறை மட்டும். பிள்ளையோடு பெற்றோரும் உட்கார்ந்திருக்க வேண்டும். சில இடங்களில் குறிப்பிட்ட நேரத்துக்கு வண்ணம் தீட்டுதல், களிமண், கதை என்று நிகழ்ச்சி நடத்துவார்கள். நிகழ்ச்சி முடிந்தால் பிள்ளை உங்கள் பொறுப்பு. ‘பேபி சிட்டிங்’ என்பது வேறு. மணிக்கு இவ்வளவு என்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு ஓர் ஆளை அனுப்புவார்கள். இந்த மூன்றில் எது கிடைக்கும் என்று கேட்காமல் முன்பதிவு செய்துவிட்டு, அங்கே போய் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

முதல் இடத்தில் போனை எடுத்தவர் ஒரு பெரிய பட்டியலே வாசித்தார். முக ஓவியம், மேஜிக் ஷோ, பீட்ஸா செய்யும் வகுப்பு, சினிமா நேரம். “எத்தனை பிள்ளைங்களுக்கு எத்தனை பேர் சார் இருப்பீங்க?” என்று கேட்டாள். “தேவையான ஸ்டாஃப் இருப்பாங்க மேடம்.” எண்ணிக்கை மட்டும் கடைசிவரை வரவில்லை.

அந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சரி என்று அவள் முன்பே தேடிப் படித்திருந்தாள். 2013-ல் மத்திய அரசு வெளியிட்ட, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பராமரிப்பு மற்றும் கல்விக்கான தேசியக் கொள்கை, மூன்று முதல் ஆறு வயது வரையிலான 20 குழந்தைகளுக்கு ஒரு பெரியவர், மூன்று வயதுக்குக் கீழ் என்றால் 10 பேருக்கு ஒருவர் என்கிறது. அது தினமும் வந்து பழகிய பிள்ளைகளுக்கு. முன்பின் பார்த்திராத இடத்தில், பக்கத்திலேயே குளமும் கடலும் இருக்கும் ரிசார்ட்டில் அதைவிட அதிகம் பேர் வேண்டும் என்பது அவள் கணக்கு.

இரண்டாவது இடத்தில் பேபி சிட்டிங் பற்றிக் கேட்டாள். “ஹவுஸ்கீப்பிங்ல யார் ஃப்ரீயா இருக்காங்களோ அவங்களை ரூமுக்கு அனுப்புவோம்” என்றார்கள். அறை சுத்தம் செய்து களைத்துப்போன ஒரு பெண்ணை, பிள்ளை வளர்ப்பில் பயிற்சி உண்டா என்றுகூடக் கேட்காமல் மூடிய அறைக்குள் பிள்ளையோடு விட அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கும் அது நியாயம் இல்லை.

மூன்றாவது இடம் மாமல்லபுரத்துக்கு அருகில். பேசியது ஒரு பெண். இவள் கேட்பதற்கு முன்பே அவர் கேட்டார். “குழந்தைக்கு என்ன வயசு மேடம்? நாலு வயசு முடிஞ்சாத்தான் தனியா எடுத்துக்குவோம். அதுக்குக் கீழன்னா வீட்டுப் பெரியவங்க யாராவது கூட உக்காரணும்.”

“நாலரை. ஸ்விம்மிங் பூலுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?”

“இல்லை மேடம். பூலுக்கும் கடலுக்கும் நாங்க கூட்டிட்டுப் போறதே இல்லை. அது நீங்க இருக்கும்போதுதான்.”

“எவ்வளவு நேரம் விடலாம்?”

“அதிகபட்சம் ரெண்டு மணி நேரம். நீங்க ரிசார்ட்டை விட்டு வெளிய போகக் கூடாது. போன் ஆன்ல இருக்கணும்.”

‘இல்லை’, ‘கூடாது’, ‘மாட்டோம்’. அந்த அழைப்பில் அவள் கேட்டது பெரும்பாலும் இந்த வார்த்தைகளைத்தான். ஆனால் போனை வைத்தபோது பல மாதங்களுக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. எல்லாவற்றுக்கும் ‘இருக்கு மேடம்’ என்றவர்களைவிட, எதைச் செய்ய மாட்டோம் என்று சொன்னவரை நம்பலாம் என்று தோன்றியது. அந்த இடத்தையே முடிவு செய்தார்கள்.

போய் இறங்கிய அன்று பிள்ளையை அவள் அங்கே விடவில்லை. பெட்டியை அறையில் வைத்துவிட்டு, மாமியாரும் அவளுமாகப் போய் அந்த அறையைப் பார்த்தார்கள். கதவின் தாழ்ப்பாள் பெரியவர்களுக்கு மட்டும் எட்டும் உயரத்தில் இருந்தது. வெளியே நின்று பார்க்க ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். நீச்சல் குளத்தைச் சுற்றிக் கம்பி வேலி, அதற்குப் பூட்டும் கதவு. கடல் பக்கம் போகும் வழியில் ஒரு காவலர். மாமியார் ஒவ்வொன்றாகப் போய்த் தொட்டுப் பார்த்தார். குளத்துக் கதவை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார்.

உள்ளே இரண்டு பெண்கள். எட்டு குழந்தைகள். இருவரில் இளையவள் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவள். அம்மாவின் துப்பட்டாவுக்குள் ஒளிந்துகொண்ட பிள்ளையின் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்தாள். கொஞ்சவோ தூக்கவோ இல்லை. அம்மாவிடம்தான் பேசினாள்.

“தம்பியை வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க? ஒண்ணுக்கு வந்தா என்னன்னு சொல்வான்? ஏதாவது சாப்பிட்டா ஒத்துக்காதா? அழுதா என்ன பண்ணா சரியாவான்?”

போன வருடம் யாரும் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டாள். கடைசியில், பிள்ளையைத் திரும்ப அழைத்துப்போக வருகிறவர்கள் பெயர் என்று ஒரு கட்டம். மாமியார் உடனே முன்னால் வந்தார்.

“யாரு வந்து கேட்டா பிள்ளைய அனுப்புவீங்க?”

“இதுல பேர் எழுதுறவங்க வந்தாத்தான் பாட்டி. கையெழுத்தும் ஒத்துப்போகணும்.”

“எனக்குக் கையெழுத்து வராதே.”

“உங்களைத்தான் நேர்ல பாத்துட்டேனே. ஒரு போட்டோ எடுத்து இதுல ஒட்டிக்கிறேன்.”

மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டு போட்டோவுக்கு நின்றார்.

அன்று மாலை மகன் உள்ளே போக மறுத்துவிட்டான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவளே அவனோடு ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்தாள். கிளிஞ்சல்களை ஒட்டி நண்டு செய்துகொண்டிருந்த பிள்ளைகளை அவன் எட்டிப் பார்த்தான். தொடவில்லை.

இரவு தூங்கும் முன் மகளையும் மகனையும் மடியில் போட்டுக்கொண்டு, வழக்கமாக வீட்டில் சொல்வதையே மறுபடி சொன்னாள். ஜட்டி மறைக்கும் இடத்தை யாரும் தொடக் கூடாது. தொட்டால் ‘வேண்டாம்’ என்று கத்த வேண்டும். ‘அம்மாகிட்ட சொல்லாதே, நம்ம ரகசியம்’ என்று யார் சொன்னாலும் அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். மகளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் மனப்பாடம். நல்ல இடம், நல்ல ஆட்கள் என்பதற்காக இந்தப் பாடத்தைத் தள்ளிவைக்க முடியாது.

மகளின் பிரச்னையே வேறு. “அங்க எல்லாம் பாப்பாங்களா இருக்காங்க. கலரிங் எனக்கு போர்ம்மா.” நாலரை வயதுக்குச் சரியான இடம் எட்டு வயதுக்குச் சலிப்பாக இருக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. மறுநாள் காலையில் அப்பாவும் மகளும் மட்டும் வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணைக்குக் கிளம்பினார்கள். 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய இடம் அது. அப்பாவோடு தனியாகப் போவது அவளுக்கு எந்தக் கிளப்பையும்விடப் பெரிய நிகழ்ச்சி.

இங்கே மகன் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தானாகவே கேட்டான். “அந்த நண்டு அக்கா இருப்பாங்களா?”

அவள் அவனைக் கூட்டிப்போனாள். பொம்மையைக் காட்டிவிட்டு அவன் கவனிக்காத நேரம் நழுவிவிடலாம்தான். போன முறை அப்படித்தான் செய்தாள். இந்த முறை சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். “அம்மாவும் அப்பாயியும் கடல்கிட்ட இருக்கிற அந்த மரத்தடியில உக்காந்திருப்போம். பெரிய முள்ளு மேல பன்னிரண்டுகிட்ட வந்ததும் அம்மா வந்துடுவேன்.” அவன் உதடு பிதுங்கியது. கையை விட்டான். அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

மணலில் இரண்டு நாற்காலிகள். காற்று நன்றாக இருந்தது. அலை கரையில் உயரமாக எழுந்து விழுந்தது. இந்தக் கரை பார்ப்பதற்கு அழகு, இறங்குவதற்கு ஆபத்து. சில அடிகளிலேயே ஆழம் வந்துவிடும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் பெரியவர்களையே கொண்டுபோய்விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கேட்கவே வேண்டாம். தண்ணீரில் மூழ்கும் பிள்ளை சினிமாவில் வருவதுபோலக் கையை ஆட்டிக் கத்தாது. சத்தமே இல்லாமல் போய்விடும். அதனால்தான் சிறு பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். லைஃப் கார்டு இருந்தாலும், கிட்ஸ் கிளப் இருந்தாலும் அந்த வேலை மட்டும் பெற்றவர்களுடையது.

“வயல்ல நடவு நடுவேன். கை நாத்தை ஊனும். காது மட்டும் பால்வாடியிலயே இருக்கும்” என்றார் மாமியார், கடலைப் பார்த்தபடி. “வாய்க்கால்ல தண்ணி திறந்துவிட்டா அந்தச் சத்தம் கேக்கும். அன்னிக்கெல்லாம் நடவு கோணலாப் போகும். திட்டு வாங்குவேன்.”

அவள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். குளியலறைக்குள் நின்று அழுததைப் பற்றி முதல்முறையாகச் சொன்னாள். மாமியார் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “கொஞ்சம் கண்ண மூடு. நான் முழிச்சிருக்கேன்.”

இருபது நிமிடம் தூங்கியிருப்பாள். அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்து, பெரிய முள் பன்னிரண்டைத் தொட ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே போய் நின்றாள். மகன் தரையில் கவிழ்ந்து படுத்து ஒரு நண்டுக்குக் கால் ஒட்டிக்கொண்டிருந்தான். ஏழு கால்கள். எட்டாவதைத் தேடிக்கொண்டிருந்தான்.

“நீங்க போனதும் அஞ்சு நிமிஷம் அழுதான்கா” என்றாள் அந்தப் பெண். “கடிகாரத்தைக் காட்டிச் சொன்னேன், சரியாயிட்டான். ஜூஸ் குடுத்தேன், குடிக்கலை. ஒரு தடவை பாத்ரூம் போனான். ஒரு பையன் தள்ளிவிட்டதுல முட்டியில லேசா சிராய்ப்பு, கழுவி விட்டிருக்கேன், பாருங்க.”

‘சூப்பரா இருந்தான் மேடம்’ என்று அவள் சொல்லியிருந்தால் நம்பியிருக்கலாம். ஆனால் அழுகையையும் சிராய்ப்பையும் மறைக்காமல் சொன்னதால்தான் மறுநாளும் பிள்ளையை அங்கே விட மனம் வந்தது.

“உனக்குக் குழந்தை இருக்காம்மா?” என்று கேட்டார் மாமியார்.

“ரெண்டரை வயசுல ஒரு பொண்ணு பாட்டி. எங்க அம்மாகிட்ட இருக்கா. அம்மா மீன் விக்கப் போற அன்னிக்கு அங்கன்வாடில விட்டுட்டு வருவேன்.”

ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, தன் பிள்ளையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு வந்திருப்பவள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. மாமியாருக்குத் தெரிந்திருந்தது.

“அங்க யாரு வந்து கேட்டா அனுப்புவாங்க?”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “நானோ எங்க அம்மாவோதான் பாட்டி. வேற யார் வந்தாலும் அனுப்ப மாட்டாங்க.”

கிளம்பும் நாளில், வழியில் சாப்பிட என்று மாமியார் கட்டிக்கொண்டு வந்திருந்த முறுக்கு டப்பாவைக் காணவில்லை. “எங்க அத்தை வெச்சீங்க?” என்று காரில் தேடினாள் அவள்.

“அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டேன். அவ பிள்ளைக்கு” என்றார் மாமியார். மடியில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கையில் எட்டு கால்களும் ஒட்டிய நண்டு.